பாதி நேரம்

சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. 'போயிட்டு வரேன்' என்று சொன்னால், இன்னொரு முறை அதே காரியத்துக்கு வருவதாகச் சொன்னதுபோல் ஆகிவிடும். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, கண்ணால்கூட விடைபெறாமல் நடந்துவிட வேண்டும். லூனாஸில் தங்கராஜுவின் அண்ணன் வீட்டிலிருந்து சனிக்கிழமை காலை பினாங்கு சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். தங்கராஜு அப்போது கொல்லைப்புறக் கழிவறையில் இருந்தார். வெளியே வந்து பார்த்தால் வாசலில் வேனும் இல்லை, காரும் இல்லை. கூடாரம் போட்டவர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை மகன் கோகுலனுக்குப் போன் செய்தார்.

"மாமா, நீங்க ஹரீஷ் காடியில ஏறிட்டீங்கன்னு நெனச்சேன் லா."

"ஹரீஷ் என்ன நெனச்சானாம்?"

"நீங்க என் வேன்ல இருக்கீங்கன்னு. யாரும் யாரையும் கேக்கல. சாவு வூட்ல எப்படி மாமா, 'எல்லாரும் ஏறியாச்சா, போலாமா'ன்னு கத்தறது?" காற்றின் இரைச்சலுக்கு மேல் கத்தினான். "பினாங்கு பாலத்து மேல போயிட்டிருக்கோம். எறங்கித் திரும்பி வரவா?"

"வேணாம். நான் பஸ்ஸ புடிச்சு வந்துக்கறேன்."

அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது. தங்கராஜுவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் ஆறு வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி, இந்த மூன்று நாளும் பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள மையத்துக்குப் போய் ரத்தம் கழுவிக்கொள்ள வேண்டும். வியாழக்கிழமை அண்ணனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன நாள். "உங்களுக்கு இன்னிக்கி முறையில்ல?" என்று யாரோ கேட்டபோது, நாள் மாற்றி வாங்கிவிட்டதாகச் சொல்லியிருந்தார். மாற்றவில்லை. கூடப் பிறந்தவனுக்குக் கொள்ளிக்கு நிற்காமல் மெஷினில் போய்ப் படுத்திருந்தான் என்ற பேச்சு அவருக்கு வேண்டாம். சனிக்கிழமை காலை முறைக்குப் போய்விட்டால் சரியாகிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

அண்ணனுக்கும் இதே நோய்தான். அவர் ஊசிக்குப் பயந்து கடைசிவரை மெஷின் பக்கமே போகவில்லை. நுரையீரலில் தண்ணீர் ஏறி, கட்டிலில் உட்கார்ந்தபடியே மூழ்கிப்போனார் என்று அண்ணி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். வாயைத் திறந்து திறந்து மூடினாராம், கரையில் போட்ட மீனைப் போல. அதைக் கேட்டபடி தங்கராஜு மூன்று நாள் அங்கே உட்கார்ந்திருந்தார். கையில் கோப்பிக் கோப்பை இருந்துகொண்டே இருந்தது. துக்க வீட்டில் நீட்டிய கோப்பையை மறுத்தால் குறையாகிவிடும். நாளுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் நீர் கூடாத ஆள், யார் கொடுத்தாலும் வாங்கிக் குடித்தார்.

குலிம் பக்கமிருந்து வந்த பஸ் நேரம் கழித்து வந்தது. புக்கிட் மெர்தாஜாமில் அவர் இறங்கியபோது மதியம் ஆகிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நடக்கப் பார்த்தார். நாலு கடை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. ஒரு பேட்டரிக் கடையின் முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்தார்.

அந்த ஊரை இத்தனை காலமும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். ஒரு மலை, அதன் அடியில் முடிவில்லாத கடைகள். சுற்றிப் பார்க்க யாரும் வருகிற ஊர் அல்ல அது. ஏதாவது கெட்டுப்போனால் வருகிற ஊர். டயர், பேட்டரி, பல், மூக்குக்கண்ணாடி, கைத்தொலைபேசி, குளிர்பெட்டி, எதுவானாலும் தூக்கிக்கொண்டு சுற்றுவட்டாரத்து ஜனங்கள் சனிக்கிழமையில் வந்து குவிவார்கள். சரிசெய்துகொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போய்விடுவார்கள். டுரியான் பழக் காலம் வேறு. சாலையோரமெல்லாம் லாரியிலிருந்து இறக்கிக் குவித்திருந்தார்கள். அந்த மணம் வெயிலில் கெட்டியாக நின்றது. 

தன்னுடைய மையத்தின் தாதி காமினியைக் கூப்பிட்டார்.

"அங்கிள், எங்க போயிட்டீங்க? ஒங்க மெஷின கழுவி மூடியாச்சு. நாளைக்கி லீவு. திங்கக்கெழம காலையில எப்படியாச்சும் நொழைக்கிறேன்."

"புக்கிட் மெர்தாஜாம்ல இருக்கேன். வியாழக்கெழமையும் வரலயேம்மா."

"அது தெரியும். மூச்சு எப்படி இருக்கு?"

"நடந்தா வாங்குது."

"படுத்தா?"

"ராத்திரி உக்காந்துகிட்டேதான் தூங்கினேன்."

 "அப்படியே இருங்க, கூப்பிடறேன்," என்று காமினி போனை வைத்தாள். அவருக்கு வேறு எங்கும் இடம் கிடைப்பது லேசல்ல. அவர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின். எல்லா மையத்திலும் அது இருப்பதில்லை.

போன் வந்தது. "அங்கேயே புக்கிட் மெர்தாஜாம்ல என் கூட்டாளி மோனிக்கா ஒரு சென்டர்ல இருக்கா. சி மெஷின் ரெண்டு வச்சிருக்காங்க. ஒருத்தரு ரெண்டு மணிக்கு வரணும், இன்னும் காணோமாம். ரெண்டரை வரைக்கும் பாத்துட்டு அந்த இடத்த ஒங்களுக்குக் குடுக்கறேங்குறா. நடக்காதீங்க, கிராப் கார் எடுங்க. அங்க கெடைக்கலன்னா நேரா பெரியாஸ்பத்திரி."

பெரியாஸ்பத்திரி என்றதும் தங்கராஜு கூடையிலிருந்து எழுந்தார். அங்கே மூச்சுவிட முடியாதவனை முதலில் பார்ப்பார்கள், அது நியாயம். மூச்சுவிடுகிறவன் உட்கார்ந்திருக்க வேண்டும், மூச்சு நிற்கும்வரை.

மையம் ஒரு டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்தது. தாதி மோனிக்கா கனத்த குரல்காரி. நாற்பதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அவரை எடை மெஷினில் ஏற்றி, காமினி அனுப்பிய விவரத்தைப் போனில் பார்த்து, மறுபடி எடையைப் பார்த்தாள்.

"அஞ்சு கிலோ தண்ணி. அங்கிள், நீங்க போனது சாவு வீட்டுக்கா, கல்யாண வீட்டுக்கா?"

"குடுத்தாங்க, குடிச்சேன் மிஸ்ஸி."

"செத்தவரு யாரு?"

"அண்ணன்."

அவள் அதற்குமேல் கேலி செய்யவில்லை. உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

சி அறையில் இரண்டு சாய்வு நாற்காலிகள். ஒன்றில் வெள்ளைத் தொப்பி போட்ட முதியவர் ஒருவர் ஏற்கெனவே மெஷினோடு பிணைக்கப்பட்டுப் படுத்திருந்தார். முகம்மது சுல்தான் என்று பெயர் சொன்னார். சுவரில் டுரியான் படம் ஒன்று, குறுக்கே சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருந்தது. இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது.

"அது ராயப்பனோடது," என்றார் சுல்தான். "எட்டு வருசமா பக்கத்துல படுத்துக்கிட்டு என் உசுர வாங்கறான். பேச்சு, பேச்சு, பேச்சு."

"இன்னிக்கி வர மாட்டாரா பாய்?"

"அவனா? அவன் தன் சாவுக்கே லேட்டாத்தான் போவான். ஆனா மோட்டார் சைக்கிள்ல வந்துருவான்."

சுல்தான் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். தங்கராஜு கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்து தெருச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும். அவர் கதவைப் பார்ப்பார். டயர் கடைக்கு வந்தவனாக இருக்கும். அடுத்த மோட்டார் சைக்கிள். கண்ணாடிக் கடை. வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. முகம் தெரியாத ஒரு மனிதனைப் பற்றி அப்படி எப்படிக் கேட்பது? ஒரு பஞ்சர் ஆகட்டும் என்று மட்டும் முருகனிடம் கேட்டார். சின்னதாக ஒரு ஆணி. அரை மணி நேரத் தாமதம். அதற்கு மேல் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆக வேண்டாம்.

இரண்டரைக்கு மோனிக்கா போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "ராயப்பண்ணே, நான் கூப்பிட்டுட்டேன். அப்புறம் வந்து மொறைக்கக் கூடாது," என்று எடுக்காத போனிடம் சொல்லிவிட்டு, தங்கராஜுவை நாற்காலியில் சாய்த்தாள். இரண்டு ஊசிகள் ஏறின. குழாயில் ரத்தம் சிவப்பாக ஓடி மெஷினுக்குள் நுழைந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சுல்தான் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ராயப்பன் வந்தது அதற்கு இருபது நிமிடம் கழித்து.

முதலில் குரல்தான் வந்தது. "அல்மா பக்கம் லாரி ஒண்ணு கவுந்து கெடக்கு மிஸ்ஸி. ரோடு பூரா காஞ்ச மொளகா. நானும் தும்முறேன், போலீசும் தும்முறான். போன் சீட்டுக்கு அடியில இருந்துச்சு, சத்தமே கேக்கல."

கண்ணாடிக் கதவு வழியாகத் தங்கராஜு பார்த்தார். தடித்த உடம்பு. கையில் தலைக்கவசம், தோளில் பூப்போட்ட துணிப்பை. முகம் உப்பி, கண்கள் சிறுத்துப்போயிருந்தன. சட்டை முழுக்க வேர்வை. சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நிற்பதற்கு மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒங்க இடத்துல ஆளப் போட்டுட்டேண்ணே," என்றாள் மோனிக்கா. "பினாங்கு ஆளு. சாவு வீட்லேர்ந்து வந்திருக்காரு, ரொம்ப மோசமா இருந்தாரு. நாளைக்கி ஞாயித்துக்கெழமைன்னாலும் காலையில தெறந்து..."

"நாளைக்கி தாங்காது போலருக்கே. நெஞ்சு ஒரு மாதிரி விட்டு விட்டு குதிக்குது. காலு பஞ்சு மாதிரி கெடக்கு." குரலைத் தாழ்த்தினார். "நேத்து மச்சான் டுரியான் கொண்டாந்தான்."

மோனிக்காவின் முகம் மாறியது. "எத்தன சொளை?"

"ரெண்டு."

"ராயப்பண்ணே."

"ரெண்டு பழம்னு வச்சுக்க."

டுரியான் அவர்களுக்கு விஷம். அதிலிருக்கும் பொட்டாசியத்தை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதவனுக்கு அது நேராகப் போய் இதயத்தைத்தான் பிடிக்கும். அந்தப் படத்தை எல்லா மையத்திலும் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் நோயாளிகளுக்குள் ஒரு கணக்கு உண்டு. முறைக்கு முந்தின நாள் தின்றால் பரவாயில்லை, மறுநாள் மெஷின் கழுவிவிடும். தங்கராஜுவும் அப்படித் தின்றிருக்கிறார். மெஷின் இருக்கும் என்ற நம்பிக்கையில் தின்பது அது.

"இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள் மோனிக்கா.

"அங்க போயி எத்தன நேரம் உக்காருவேன். இவரு பாதி, நான் பாதி. நாலு மணி நேரத்த ரெண்டா பிச்சா ரெண்டு பேரும் பொழைக்கலாம். இல்ல, பாய் பாதி தரட்டும். எட்டு வருசமா அவருக்குப் பாட்டுப் பாடியிருக்கேன்."

"நான் கேக்கலாம். ஆனா ஏறினவங்கள நானா எறக்க முடியாது. அவங்களாத்தான் சரின்னு சொல்லணும்."

அவள் காலடி அறையை நோக்கி வந்தது. தங்கராஜு கண்ணை மூடிக்கொண்டார்.

பாதி போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு அதை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்தாலும் அந்த இடத்தில் மட்டும் அவரால் தன்னை ஏமாற்ற முடியவில்லை. இரண்டு மணி நேரத்தில் மூச்சு சீராகிவிடும். திங்கட்கிழமை காமினி மீதியைப் பார்த்துக்கொள்வாள். கண்ணைத் திறந்தால் போதும், பேசக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். ஆனால் மூடிய கண்ணுக்குள் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"அங்கிள்," என்றாள் மோனிக்கா. "தூங்கறீங்களா?"

மெஷின் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அங்கிள்?" சிறிது நின்றாள். பிறகு மறுபக்கம் திரும்பினாள். "பாய்? பாய், ஒரு நிமிசம்..."

அங்கிருந்தும் பதில் இல்லை.

ராயப்பன் கதவருகில் வந்து நின்றார் போலிருக்கிறது. அவருடைய மூச்சு பக்கத்தில் கேட்டது. "விடு மிஸ்ஸி," என்றார். "சாவு வூட்லேர்ந்து வந்திருக்காருன்னு நீதானே சொன்ன. தூங்கட்டும். எழுப்பாத."

மோனிக்கா வண்டி கூப்பிட்டாள். மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது என்று சத்தம் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து யாரிடமோ வேகமாக மலாயில் பேசினாள். ராயப்பன், தன் மனைவி லீனாவுக்குச் சொல்லாதே, வேலை இடத்தில் பயந்துவிடுவாள் என்றார். கார்க் கதவு ஒன்று அடைபட்டது. அதன் பிறகும் தங்கராஜு வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. இப்போது திறந்தால் அப்போது தூங்கவில்லை என்று ஆகிவிடும்.

"தம்பி," என்றார் சுல்தான், கூரையைப் பார்த்துக்கொண்டு. "நானும் தூங்கல."

தங்கராஜு தலையை அவர் பக்கம் திருப்பினார்.

"போன வாரம் எனக்குப் பாதியில பிரஷர் எறங்கிப்போச்சு. பாதியோட எறக்கிவுட்டாங்க. அந்த ராத்திரி நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அதான்." தன் கையில் ஏறியிருந்த குழாயைப் பார்த்து, "அதான்னு சொல்லிக்க வேண்டியதுதான்," என்றார்.

 நான்கு மணி நேரமும் முழுதாக ஓடியது.

எழுந்து நின்றபோது தங்கராஜுவின் உடம்பு இறகாக இருந்தது. மூச்சு அடிவயிறு வரை போய்வந்தது. பசித்தது. நாலு நாளாக இல்லாத பசி. பக்கத்து உணவுக் கடையிலிருந்து வந்த குழம்பு வாசனைக்கு நாக்கு ஊறியதும் தன் நாக்கின்மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. வாசலில் ராயப்பனின் மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது.

"அந்த அண்ணன் எப்படி இருக்காராம் மிஸ்ஸி?"

"உள்ள எடுத்துட்டாங்களாம். அதுக்கு மேல போன்ல சொல்ல மாட்டேங்குறாங்க." மோனிக்கா அவர் கண்ணைப் பார்க்காமல் ஊசி போட்ட இடத்துக் கட்டைச் சரிபார்த்தாள். "நான் அடுத்த ஆளுங்கள எறக்கிட்டுத்தான் போக முடியும். லீனாக்கா பத்து காவான் ஊர்ல ஒரு ஃபேக்டரியில இருக்காங்க. வேலை முடியறப்பத்தான் போன் பாப்பாங்க. மெசேஜ் போட்டிருக்கேன்." மேசைக்கு அடியிலிருந்து அந்தப் பூப்போட்ட துணிப்பையை எடுத்தாள். "பைய விட்டுட்டுப் போயிட்டாரு. போர்வையும் சாப்பாடும் இருக்கு. நீங்க..."

"குடுங்க," என்றார் தங்கராஜு.

ஊர் அடங்கிக்கொண்டிருந்தது. கடைகள் இரும்புக் கதவை இழுத்துக்கொண்டிருந்தன. சரிசெய்ய வந்தவர்கள் சரிசெய்துகொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன கிராப் கார் பட்டர்வொர்த் சாலையைத் தாண்டித் திரும்பியபோது, பினாங்குப் பாலத்துக்குப் போகும் வழியைக் காட்டும் பலகை ஒரு கணம் தெரிந்தது. தங்கராஜு பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

அவசரப் பிரிவின் முன்னால் நாற்காலிகள் நிறைய ஜனங்கள். பெயரைச் சொன்னார். உட்காரச் சொன்னார்கள். ராயப்பனிடம் என்ன சொல்வது என்று யோசித்தார். உங்கள் பையைக் கொண்டுவந்தேன் என்று மட்டும் சொல்லலாம். ராயப்பன் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவார், அதோடு தீர்ந்துவிடும். நல்லா தூங்கினீங்களாண்ணே என்று கேட்டாலும் கேட்கட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

உள்கதவு திறந்தது. "ராயப்பன், வாரிஸ்?" என்று ஒரு தாதி கூப்பிட்டாள். சொந்தக்காரர்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். யாரும் எழவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோது தங்கராஜு எழுந்தார்.

டாக்டர் இளைஞர். சட்டையில் ஹைக்கல் என்று பெயர் இருந்தது. அண்ணன் தம்பியா என்று மலாயில் கேட்டார். தங்கராஜுவின் தலை தானாக அசைந்தது. டாக்டர் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். வந்த கொஞ்ச நேரத்திலேயே இதயம் நின்றது. திரும்பக் கொண்டுவந்தார்கள். மெஷினுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது மறுபடி நின்றது. அதன் பிறகு வரவில்லை.

"கடைசியாக எப்போது ரத்தம் கழுவினார்?"

"வியாழக்கிழமையாக இருக்கும். இன்றைக்கு மத்தியானம் முறை."

"ஏன் போகவில்லை?"

"போனார்," என்றார் தங்கராஜு. "இடம் இல்லை."

டாக்டர் அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். தங்கராஜு பழைய நாற்காலிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார். எழுந்து போய்விடலாம். பையைத் தாதியிடம் கொடுத்துவிட்டால் இந்த ஊரில் அவரை யாருக்கும் தெரியாது. பஸ் இன்னும் இருந்தது. அவர் மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது. உள்ளே இழுத்து வெளியே விடும் ஒவ்வொரு மூச்சும் அவருக்குத் தெரிந்தது.

நீல நிறத் தொழிற்சாலை மேலங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஒரு பெண் உள்ளே ஓடிவந்தாள். இங்குமங்கும் பார்த்தவளின் கண் அவர் மடியில் இருந்த பையில் நின்றது. நேராக வந்தாள்.

"இது எங்க வூட்டுப் பை. அவரு எங்கண்ணே? உள்ள இருக்காரா?"

"உக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. "நீங்க யாரு?"

"அவரு நாற்காலியில படுத்திருந்தவன்."

லீனாவுக்குப் புரியவில்லை. உள்கதவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தங்கராஜு பையை அவளிடம் நீட்டினார். சொல்ல வேண்டியவற்றில் எது முதலில், எது பிறகு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"நான் தூங்கலம்மா," என்று ஆரம்பித்தார்.